ஒயிட்னர் கோடு

அருள்,

மூன்று வருடத்துக்கு முன்னால் மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நம் வீட்டு கேட்டுக்கு வெளியே தெருவே கூடி நின்றபோது நான் சொல்லாமல் விட்டது இரண்டே சொல். "நான்தான் திருகினேன்." கரண்ட் வந்ததும் மிஷின் தானாக ஓடவில்லை. நீ சுவிட்சை அணைக்காமல் போகவும் இல்லை. நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான். வால்யூம் குமிழை நீ போட்டு வைத்திருந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டித் திருகியதும் நான். "எந்தப் பக்கம் டீச்சர் சத்தம் கேட்டுச்சு?" என்று கேட்டார்கள். "தெரியலக்கா" என்றேன். நீ வந்து எல்லார் முன்னாலும் "என் தப்புதான்" என்று சொன்னபோது, நம் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதை இப்போது எழுதக் காரணம் போன புதன்கிழமை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னாய். சென்னையில் இருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், பாட்டு ஆல்பங்களை சரவுண்ட் சவுண்டுக்கு மாற்றும் ஸ்டுடியோ, நீ ஹெட்போனில் செய்து அனுப்பிய ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு உதவியாளாகச் சேர வரச் சொல்கிறார்கள், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று. எனக்குச் சந்தோஷத்தில் கரண்டி நழுவியது. நீ குழாயை மூடிவிட்டு, "முடியாதுன்னு சொல்லப் போறேம்மா. எம்புட்டு வைக்கணும்னு என் காதுக்குத் தெரியாது. தெரியாதுன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சே" என்றாய். அப்போதும் நான் சொல்லவில்லை. கரண்டியைக் குனிந்து எடுத்தேன். நான் வாசித்த கதைகளில் எல்லாம் இந்த மாதிரி உண்மையைத் தாய்மார்கள் சாகக் கிடக்கும்போதுதான் சொல்கிறார்கள். எனக்கு நாற்பத்தொரு வயது. துணிக்கடையில் உன்னை என் தம்பியா என்று கேட்கிறார்கள். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது, உனக்கும் திங்கட்கிழமை வரைதான் நேரம் இருக்கிறது.

முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த பாதியையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் என் பக்கத்தில் இருந்து அதை நீ பார்த்ததில்லை. விருதுநகரில் சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சியிடம் நீ வேலைக்குச் சேர்ந்த வருடம், அவர் ஓரம் கட்டிய சாமான் எல்லாம் ஒவ்வொன்றாக நம் வீட்டுக்கு வரத் தொடங்கியது. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போடுகிற பெரிய பாஸ் ஸ்பீக்கர் பெட்டி ஒன்று, ஆள் உட்காரலாம் போல. முன்னால் வைக்க மூன்று, பின்னால் சுவரில் மாட்ட இரண்டு. அப்புறம் ஒரு டிஸ்க் பிளேயர், அதன் சத்தத்தைப் பெட்டிகளுக்குப் பிரித்து அனுப்புகிற, ரிமோட் இல்லாத பழைய ரிசீவர். பதினொரு மாதம் கூடத்தில் ஒயரைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தேன். உன் சம்பளத்தில் டிஸ்க் வாங்கினாய். ஹெவி மெட்டல், ஹார்ட் ராக். அட்டைகளில் மண்டையோடும் எரிகிற ஊரும் செத்த குதிரையும் இருக்கும். சர்ச்சில் இருந்து ஜெபிக்க வந்தவர்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு மண்டையோட்டை நான் திருத்தக் கொண்டு வந்திருந்த பத்தாம் வகுப்பு நோட்டுக்கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஆமென் சொன்னேன். அது உனக்குத் தெரியாது. அந்த டிஸ்க்கை நீ இரண்டு நாள் தேடினாய்.

உங்கப்பா ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்து, ஒயர்களுக்கு நடுவே செருப்பைக் கழற்ற இடம் தேடிக்கொண்டே கேட்டார். "ஆறு பெட்டி வச்சு அடிச்சாலும் அம்புட்டும் ஒரே சத்தந்தானலே?" நீ அவரை விடவில்லை. அந்த ஆல்பங்கள் எல்லாம் நீ பிறப்பதற்கு முன்னால் இரண்டு பெட்டிக்காகச் செய்தவை என்றாய். இப்போது அந்தப் பழைய நாடாக்களைத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாகப் பிரித்து, கேட்கிறவனைச் சுற்றிப் பங்கு வைத்துத் தருகிறார்கள், கிதார் ஒன்று இந்த மூலையில், இன்னொன்று அந்த மூலையில், பாடுகிறவன் நேர் எதிரே, கூட்டம் முதுகுக்குப் பின்னால் என்று விளக்கினாய். உங்கப்பா முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம வீட்டுக்கு விருந்தாள் வந்த மாதிரி" என்றார். நீ சிரித்து அவர் தோளில் அடித்தாய். பட்டாசு கம்பெனியில் இருபது வருடமாக ஃபோர்மேனாக இருக்கிறவருக்கு, வீட்டுக்குள்ளே பெரிய சத்தம் என்றால் என்னவாக இருந்திருக்கும் என்று நான் அப்போது நினைக்கவில்லை. ஆனால் அவர் உன்னை ஒரு நாளும் தடுத்ததில்லை.

எல்லாம் மாட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை, என் மேஜையில் இருந்து ஒயிட்னரை எடுத்தாய். கூடத்துக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எழுந்து, குமிழை ஒரு மயிரிழை நகர்த்தி, திரும்ப உட்கார்ந்து, ஒரு மத்தியானம் முழுதும் அதையே செய்தாய். கடைசியில் குமிழுக்குப் பக்கத்தில், ரிசீவரின் கறுப்பு முகத்தில், ஒரு சின்ன வெள்ளைக் கோடு போட்டாய். "இது வரைக்கும்தாம்மா. இதுக்குக் கீழ வச்சா மெல்லிசா வாரது காதுல விழாது. மேல வச்சா பெரிசா வாரது வீட்டத் தூக்கிரும்." அப்புறம் என்னைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாய். கறுப்பு அட்டையில் ஒரு சிவப்பு ஏணி வரைந்திருக்கும் ஆல்பம். ஒரு பாட்டு முழுதும் ஓடியது. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான், "தலை வலிக்குதுப்பா. இரும்புக் கடையில சண்ட நடந்த மாதிரி இருக்கு" என்று எழுந்து சமையலறைக்குப் போனேன்.

அதுவும் பொய். தலை வலிக்கவில்லை. நான் சமையலறைக்குப் போனது, என் கையில் மயிர் குத்திட்டு நின்றதை நீ பார்த்துவிடக் கூடாது என்று. எனக்குப் பிடித்திருப்பதை இன்னொருவர் பார்ப்பது சின்ன வயதில் இருந்தே கூச்சம். புத்தகத்துக்குக்கூட நான் செய்தித்தாளில் அட்டை போட்டுத்தான் படிப்பேன். பத்தொன்பது வயதில் இந்த வீட்டுக்கு வந்தேன், இருபதில் நீ பிறந்தாய், உன்னைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே பி.எட். படித்தேன். எனக்கென்று ஒரு ரசனை இருக்கிறது என்பதை யாரிடமும் சொல்ல வாய்க்கவில்லை. பிறகு சொல்லும் பழக்கமும் போய்விட்டது. நீ அதைக் கற்றுக்கொள்ளாதே. பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று அங்கேயே, அந்த நாற்காலியிலேயே சொல். அன்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிறகு நடந்தது எதுவும் நடந்திருக்காது. இரண்டு பேரும் சேர்ந்து கேட்டிருப்போம், நான் ஒளிந்து கேட்க வேண்டியிருந்திருக்காது.

ஆமாம், ஒளிந்து கேட்டேன். அந்த வருடம் கோடை விடுமுறை விட்டதும், நீயும் அப்பாவும் கிளம்பிய பிறகு கதவைத் தாழ் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். முதல் நாள் ஒரு பாட்டு. இரண்டாம் வாரத்தில் முழு ஆல்பம். எந்தப் பாட்டில் எந்த மூலையில் இருந்து என்ன வரும் என்று எனக்கு மனப்பாடமானது. இரண்டாம் பாட்டில் இடது பின்பக்கத்துக் கிதார் ஒரு கேள்வி மாதிரி இழுக்கும், வலது முன்பக்கத்தில் இருக்கிறவன் அதற்கு உடனே பதில் சொல்லாமல் வம்பு செய்வான். நான்காம் பாட்டில் டிரம் அடிக்கிறவன் தலையைச் சுற்றி ஒரு வட்டம் ஓடி வந்து எதிரே நிற்பான். எனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும். வெங்காயம் உரிப்பதைப் பாதியில் விட்டு, கத்தியோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன், அருள். உங்க அம்மா. ஆமத்தூர் பள்ளிக்கூடத் தமிழ் டீச்சர்.

ஏன் அவ்வளவு பிடித்தது என்று நிறைய யோசித்தேன். இந்தப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குப் பெரிய சத்தம் என்றால் ஒரே அர்த்தம்தான், பட்டாசு கம்பெனியில் வெடி விபத்து. எங்கேயோ டமார் என்று கேட்டால், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு வருவோம், வானத்தில் புகை எந்தப் பக்கம் என்று பார்ப்போம், "எந்தக் கம்பெனி?" என்று கேட்போம், போன் போடுவோம். கல்யாணமாகி வந்ததில் இருந்து நானும் அப்படித்தான். அந்த நாற்காலியில்தான் முதன்முதலாக, இடி மாதிரி சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து, யாருக்கும் போன் போட வேண்டிய அவசியம் இல்லாமல் இருந்தேன். யாரோ நாலு பேர் யோசித்து, அளந்து, நேரம் பார்த்துச் செய்த சத்தம். முடிய வேண்டிய இடத்தில் முடிந்துவிடும். முடிந்த பிறகு எல்லாரும் பத்திரமாக இருப்பார்கள். அந்தச் சத்தத்துக்குள் நான் பயமில்லாமல் இருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணியில் இருந்து கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு. பன்னிரண்டேகாலுக்கு வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு நீ வர ஒன்றரை ஆகும். சிவப்பு ஏணி டிஸ்க் உள்ளேயே இருந்தது. ஒரு முறை முழுதும் கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்த ஆல்பம் எப்படி ஆரம்பிக்கும் என்று உனக்குத் தெரியும். கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஒன்றும் இருக்காது. பின்னால் இடது பக்கத்தில் யாரோ கிதார் கம்பியில் விரலைத் தேய்ப்பான், ஒருவன் மூச்சு இழுப்பான், அவ்வளவுதான். அன்று கரண்ட் வந்த ஜோரில் ஃபேன் வேகமாகச் சுற்றியது. எதிர்வீட்டில் கிரைண்டர் ஓடியது. அந்த மூச்சு எனக்குக் கேட்கவில்லை. எனக்கு அந்த மூச்சுதான் வேண்டும். எழுந்து போய்க் குமிழைத் திருகினேன். இன்னும் கொஞ்சம். கேட்டது. நன்றாகவே கேட்டது. ஃபேனை அணைத்திருக்கலாம், நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டிருக்கலாம். மெல்லியது கேட்கவில்லை என்றால் முதலில் மற்ற சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று வகுப்பில் தினமும் நாற்பது பிள்ளைகளிடம் சொல்கிறவள் நான். கோட்டில் இருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று பார்க்கவே இல்லை. படிக்கும் கண்ணாடியை ரிசீவர் மேல் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் டிரம் வந்தது.

முதலில் ஒன்று. ஒரு நிறுத்தம். பிறகு இரண்டு. பிறகு வரிசையாக. ஷெல்பில் இருந்த எவர்சில்வர் தட்டுகள் சரிந்து விழுந்தன. தெருப்பக்கத்து ஜன்னல் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது. பாய்ந்து போய்ச் சுவரில் மெயின் சுவிட்சை அணைத்தேன். வீடு அமைதியானதும் தெருவில் இருந்து கால்கள் ஓடும் சத்தம் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு வரிசையாக. கம்பெனியில் அறை அறையாக வெடித்துப் போகும்போதும் அப்படித்தான் கேட்கும்.

அடுத்து நான் செய்ததுதான், அருள், இந்தக் கடிதத்திலேயே எழுதக் கஷ்டமான வரி. வெளியே போவதற்கு முன்னால், குமிழைத் திருப்பி உன் கோட்டில் கொண்டு வந்து வைத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. சிந்திய பாலைத் துடைப்பது மாதிரி கை தானாகச் செய்தது. பிறகு கதவைத் திறந்து, ஓடுகிறவர்களோடு நானும் தெருவில் இறங்கி, உங்கப்பா கம்பெனி இருக்கும் நாரணாபுரம் பக்கத்து வானத்தைப் பார்த்தேன். இல்லாத புகையை எல்லாரோடும் சேர்ந்து தேடினேன். எனக்கு முகம் வெளுத்திருந்தது போல. எதிர்வீட்டு சரோஜா என்னைப் பிடித்து வாசல் கல்லில் உட்கார வைத்து, "அண்ணனுக்கு ஒண்ணும் ஆவாது டீச்சர், அழாதீக" என்று ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். அந்தத் தண்ணீரை நான் மறக்கவே இல்லை.

பக்கத்து வீட்டு பாக்கியம் அக்காவின் மகள் கனி, உங்கப்பா யூனிட்டில்தான் வேலை. அக்கா யாருக்காகவும் நிற்கவில்லை. கம்பெனி வேன் வரும் ரோட்டைப் பார்த்து, செருப்பு இல்லாமல், மே மாதத் தாரில் ஓடினாள். உங்கப்பா போன் நாலு தடவை அடித்து ஐந்தாவதில்தான் எடுத்தார், எல்லாருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டோம். "என்ன, எதுக்கு ஆளாளுக்குப் போன் அடிக்கீக? இங்கன ஒண்ணும் இல்லையே. கனியா? கனி இந்தா என் முன்னாலதான் டிபன் டப்பாவத் திறந்துக்கிட்டு இருக்கா. என்ன புள்ள, என்ன குழம்பு? புளிக்குழம்பாம்." தெருவே அந்தப் புளிக்குழம்பைக் கேட்டு அழுதது. அன்று சாப்பாட்டுக்குச் சீக்கிரமே கிளம்பிய நீ அப்போதுதான் பைக்கில் வந்தாய், பின்னால் பாக்கியம் அக்காவோடு. ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தவளைப் பார்த்து ஏற்றியிருக்கிறாய். அவள் சொன்னதைக் கேட்டு, அந்த ஒரு கிலோமீட்டரும் அப்பா இல்லை என்று நினைத்துக்கொண்டே வந்திருக்கிறாய். உன் முகத்தில் அது இருந்தது.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். சரோஜா விரிசல் விட்ட ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துவிட்டாள். "சத்தம் டீச்சர் வீட்டுக்குள்ள இருந்துல்லா வந்திருக்கு!" நான் கொல்லையில் இருந்திருப்பேன் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். நீ உள்ளே போனாய். அதிர்வில் தானாக விழுந்திருக்கும் என்று நினைத்து மெயினைப் போட்டதும் அந்தப் பிளேயர் விட்ட இடத்தில் இருந்து தானாக ஓடத் தொடங்கியது. நீ ஒரு நொடியில் அணைத்துவிட்டுக் குமிழைப் பார்த்தாய். அது கோட்டில் இருந்தது. வெளியே வந்து, கரண்ட் வந்ததும் தானாக ஓடியிருக்கும், நான் அணைக்காமல் போய்விட்டேன், என் தப்புதான் என்றாய். பாக்கியம் அக்கா உன் சட்டையைப் பிடித்து, "ஏலே அருளு, என் உசிரையே எடுத்துட்டியேலே" என்று உன் நெஞ்சிலேயே குத்தி, உன் நெஞ்சிலேயே சாய்ந்து அழுதாள். சாயங்காலம் நீ அவளுக்குக் களிம்பும் ஒரு ஜோடி செருப்பும் வாங்கிக்கொண்டு வந்தாய். மறுநாள் பெட்டிகளைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றினாய். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

அணைக்காமல் போனதுதான் உன் வருத்தம் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். அதனால்தான் மூன்று வருடம் என்னால் சும்மா இருக்க முடிந்தது. அண்ணாச்சி ஒரு நாள் கடைவீதியில் என்னைப் பார்த்து, "உங்க பையன் கல்யாண வீட்டுல மைக் செட் போட்டா மாப்பிள்ளைக்கே கேக்க மாட்டேங்குது டீச்சர். ஒவ்வொண்ணுக்கும் என்னையத் தேடி வந்து, இது சரியா அண்ணாச்சிங்கான்" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். புதன்கிழமை குழாயடியில் நீ சொன்னபோதுதான் புரிந்தது. நீ கோட்டை நினைத்துக்கொண்டிருக்கிறாய். குமிழ் கோட்டில்தான் இருந்தது, அப்படியும் வீடு அதிர்ந்தது, ஆகவே கோடே தப்பு, கோட்டைப் போட்ட காது தப்பு என்று. கேட்டுக்கொள். உன் கோடு தப்பில்லை. உன் காது தப்பில்லை. அன்று குமிழ் கோட்டில் இல்லவே இல்லை. திருப்பி வைத்தது நான்.

நேற்று வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டில் உங்கப்பாவிடம் முதலில் சொன்னேன். அவர் மோரை ஊற்றிக்கொண்டே, "தெரியும்" என்றார். "கண்ணாடியக் கழட்டி அந்த ரிசீவர் மேல வச்சுட்டு வந்திருந்த. அன்னைக்கு நான்தான எடுத்துத் தந்தேன்." பின்னே ஏன் கேட்கவில்லை என்றேன். "நீ சொல்லுவன்னு இருந்தேன்" என்றார். அவரும் இப்படித்தான். பையன் பாவம், இரண்டு ஊமைகளுக்குப் பிறந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அவர் எழுந்து ஏணியை எடுத்து வந்து பரணுக்குச் சாத்தினார்.

இன்று சனிக்கிழமை. நீ அண்ணாச்சியோடு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாய், ராத்திரிதான் வருவாய். காலை ஒன்பது மணிக்கு முதலில் பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லி முடித்தேன். அவள் கீரையைக் கீழே வைத்தாள். காலை நீட்டி, உள்ளங்காலைப் பார்த்தாள். நான் என்ன வந்தாலும் வாங்கிக்கொள்வதாகத்தான் போயிருந்தேன்.

"அப்ப அந்தச் செருப்பு நீங்கல்லா வாங்கித் தந்திருக்கணும் டீச்சர்" என்றாள்.

"ஆமக்கா."

"மூணு வருசமா அந்தப் பையன் என்னையப் பாத்தா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறான். நானும் போலேன்னு விட்டுட்டேன். ஒரு மனுசி இப்பிடியா பண்ணுவீக? அதுவும் டீச்சரு!" கீரையைத் திரும்ப எடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நெசமாவே அந்தக் கருமத்தக் கேக்கவா உக்காந்திருந்தீக?" என்றாள்.

"ஆமக்கா. பிடிக்கும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கனி உள்ளே இருந்து என்ன என்ன என்று ஓடி வந்தாள். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் என்னோடு கிளம்பி, மிச்ச வீடுகளுக்கும் வந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் நான் பாதி சொல்வதற்குள் மீதியை பாக்கியம் அக்காவே சொல்லிவிடுவாள், "வெங்காயம் உரிக்கிற கத்தியோட" என்பதையும் சேர்த்து. சரோஜா மட்டும் சிரிக்கவில்லை. "அன்னைக்கு ஒங்களுக்கு நான் தண்ணி வேற கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அது சரிதான். அவளிடம் நான் இன்னும் பேச வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் கடைசியில் ஒன்று சொன்னேன். பதினொரு மணிக்கு எங்கள் வீட்டில் சத்தம் வரும், யாரும் ஓட வேண்டாம்.

உங்கப்பா இன்று லீவு போட்டுவிட்டார். பெட்டிகளை இறக்கி, துடைத்து, மாட்டினோம். ஒயர் எது எங்கே என்று எனக்கு ஞாபகம் இருந்தது, ஏதோ ஒன்று மாறியிருக்கலாம். ஃபேனை அணைத்தேன். ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, குமிழின் முள் உன் ஒயிட்னர் கோட்டில் சரியாக நிற்கும்படி வைத்தேன். உங்கப்பாவும் குனிந்து பார்த்தார். பிறகு சிவப்பு ஏணி. விரல் தேய்ந்தது. அவன் மூச்சு இழுத்தான். கேட்டது, அருள், உற்றுக் கேட்டால் கேட்கிற அளவுக்கு. டிரம் வந்தது. நெஞ்சுக்கூடு வரை வந்தது. தட்டுகள் ஷெல்பிலேயே இருந்தன. ஜன்னல் கண்ணாடி அசையவில்லை. நான் எழுந்து கேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தெருவில் வாசலுக்கு வாசல் ஆள் நின்றது. யாரும் ஓடவில்லை. பாக்கியம் அக்கா உள்ளே வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்து, பாட்டு முடிந்ததும், "இம்புட்டுத்தானா? இதுக்கா நான் அந்த ஓட்டம் ஓடுனேன்? கொஞ்சம் கூட்டி வைங்க டீச்சர்" என்றாள்.

நான் தொடவில்லை. அருள் வரட்டும் என்றேன்.

திங்கட்கிழமை நீ என்ன பதில் சொன்னாலும் அது உன் பதில். ஆனால் உண்மையை வைத்துக்கொண்டு சொல். சென்னையில் உன் பக்கத்தில் இருக்கிறவர்கள் உன்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுவார்கள், பெரிய பெட்டிகளில் கேட்டு வளர்ந்திருப்பார்கள். ஒரு பாட்டு இவ்வளவு போதும் என்று உனக்குத் தோன்றினால் அதைச் சொல்லிவிட்டு உட்கார். யாராவது குமிழ் கோட்டில்தானே இருக்கிறது என்று சொன்னால், கடைசியாகத் தொட்டது யார் என்று ஒரு தடவை கேள். எந்தத் தப்பையும் அவசரமாக ஒத்துக்கொள்ளாதே. வீட்டில் ஒரு டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

அம்மா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உன் தலையணை மேல் வைத்தது சனிக்கிழமை சாயங்காலம். தெருவுக்கே தெரிந்த பிறகு மறைக்க ஒன்றுமில்லை என்று, உன்னைக் கேட்டுவிட்டுத்தான் இப்போது மற்றவர்கள் வாசிக்கக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நீ முதலில் பின்னால் இருந்த இரண்டு பெட்டி ஒயர்களையும் இடம் மாற்றிப் போட்டாய். நான் இடது வலதைத் தப்பாக மாட்டியிருந்தேனாம். மத்தியானம் நாற்காலியில் என்னை உட்கார வைத்து, என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் சத்தமாகச் சொன்னேன், பிடித்திருக்கிறது என்று. திங்கட்கிழமை பத்து மணிக்குச் சென்னைக்குப் போன் செய்து, வருகிறேன் என்றாய். புதன்கிழமை பஸ் ஏறினாய். மறுநாள் ரிசீவரைத் துடைக்கும்போது பார்த்தேன். பழைய கோடு அப்படியே இருந்தது. அதில் இருந்து அரை விரல் தள்ளி, மேலே, ஒயிட்னரால் இன்னொரு கோடு போட்டிருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் 'பாக்கியம் அத்தை' என்று எழுதியிருந்தது.